கடைசிப் பேருந்திலிருந்து இறங்கியவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அரங்க உரிமையாளர் அவர்களே! எனக்கு முன்பு பேசி நம் எல்லோரையும் கலங்க வைத்த வானொலி அறிவிப்பாளர் அவர்களே! ரசிகர் வட்டத்தின் செயலாளர், நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவர்களே! முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும், நின்றாலும் போக மனமில்லாத ரசிகப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒரு வணக்கம் மிச்சமிருக்கிறது. மேடை நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். இருக்கையில் மறைந்த நம் அண்ணனுடைய சாக்ஸபோன். முதுகில் அவருடைய பழுப்புக் கோட்டு. அந்தக் கோட்டுக்கும் வணக்கம். நான் பேசப் போவதில் பாதி அதைப் பற்றித்தான்.

நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியைப் படித்திருப்பீர்கள். ‘இறுதியாக, தந்தையின் கோட்டை அணிந்து, தந்தையின் சாக்ஸபோனில், கடைசிப் பேருந்து பாடலை இசைத்தட்டில் உள்ளபடியே மகள் வாசிப்பார். இனி மாதந்தோறும் இந்நிகழ்ச்சி தொடரும்.’ உள்ளபடியே! மாதந்தோறும்! அந்த வரியைப் படித்த பிறகுதான் பேச வேண்டும் என்று நானே பெயர் கொடுத்தேன். நான் முடிப்பதற்குள் உங்களில் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். வரட்டும். கோபப்பட்டாலும் காது கேட்கும்.

நான் பேச்சாளன் அல்ல. டபுள் பேஸ் வாசிக்கிறவன். ஆளுயரத் தந்தி வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நிற்பதே என் தொழில். நீங்கள் என்னைத் ‘தூண்’ என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும். யாராவது தூணைப் பார்க்கக் கச்சேரிக்கு வருவார்களா? தூண் மறைக்கிறதே என்று சலித்துக்கொள்ளத்தான் வருவார்கள். ஆனால் தூணுக்கு ஒரு வசதி உண்டு. நீங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அவர் பிடரியைப் பார்த்தேன். ஒரு வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன். முகம் சிரிக்கக் கற்றுக்கொள்ளும். பிடரிக்கு நடிக்கத் தெரியாது.

மூச்சு மன்னர்! அந்தப் பட்டத்தை இதே அரங்கில்தான் அவருக்குக் கொடுத்தீர்கள். கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டினீர்கள். வண்டியில் திரும்பும்போது அவர் என்னிடம் சொன்னார்: “பட்டம் குடுத்திருக்காங்கப்பா. நூலை மட்டும் அவங்க கையிலயே வெச்சுக்கிட்டாங்க.” நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு மன்னர் என்பது பொய்ப் பட்டமா? இல்லவே இல்லை. ஒரே மூச்சில் அவர் வாசிக்கும் நீளத்துக்கு நாமெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி, வழியில் ஒருவரோடு நின்று பேசிவிட்டும் வரலாம். இந்த மண்டபத்தில் இருக்கும் யாருக்குத்தான் அவர் மூச்சில் ஒரு பங்கு இல்லை? சற்று முன்பு இங்கே பேசினார்கள். நகரப் பேருந்து ஓட்டும் தம்பி வந்து சொன்னார், அந்தப் பாட்டைக் கேட்ட நாளிலிருந்து கடைசி நடையில் வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்க்கிறாராம், யாராவது ஓடி வருகிறார்களா என்று. எத்தனை பேர் அதனால் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்! தையல்கடை அம்மா வந்து சொன்னார்கள், நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றுபோன வாரத்தில் அவருக்கு அழுகையே வரவில்லையாம். “பாட்டு நடுவுல அந்த விசும்பல் வந்துச்சு பாருங்க, எனக்குப் பதிலா அது அழுதிடுச்சு. நான் எழுந்து போய் மிஷின்ல உக்காந்துட்டேன்” என்றார். இதையெல்லாம் நான் குறைத்துப் பேசுவேனா? பேசினால் என் நாக்கு அழுகிவிடாதா?

ஆனால் அந்த விசும்பல் என்ன என்று சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. பலமுறை அவரே சொல்லிவிட்டார். நீங்கள்தான் கேட்கவில்லை.

அறிவிப்பாளர் ஐயா மிக அழகாகச் சொன்னார், காதலியை ஏற்றிக்கொண்டு போன பேருந்தைப் பார்த்தபடி தெருமுனையில் நிற்கும் ஒருவனின் இதயம் வெடித்த ஒலி அது என்று. ஐயா, அது ரீட் வெடித்த ஒலி. ரீட் என்பது சாக்ஸபோனில் வாய் வைக்கும் இடத்தில் கட்டுகிற மெல்லிய நாணல் தகடு. ஈரமாக இருந்தால்தான் அது பேசும். ஒலிப்பதிவு அறையில் ஜன்னல் கிடையாது. ஏசியின் குளிர்காற்று நேராக முகத்தில் அடித்தது. சிவப்பு விளக்கு எரியும் வரை காத்திருந்ததில் தகடு காய்ந்து ஓரத்தில் கீறல் விட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. பாட்டின் உச்சத்துக்கு ஏறினார். ஏறி நிற்க வேண்டிய இடத்தில், கீச்! மிதிபட்ட எலிபோல ஒரு சத்தம். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பேஸின் கழுத்தில் நெற்றியை முட்டிக்கொண்டேன். அவரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டேதான் மீதியை வாசித்தார். முடிந்ததும், “இன்னொரு தடவ எடுத்துடலாம்” என்றார். அதற்குள் அடுத்துப் பதிவு செய்ய வேண்டிய சோப்பு விளம்பரக்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். சரி, யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

யார் கேட்கப் போகிறார்கள்! ஊரே கேட்டது.

பேட்டி எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னார்: “ரீட் கீறிடுச்சுங்க, அவ்வளவுதான்.” மறுநாள் பத்திரிகையில் என்ன வரும்? ‘எத்தகைய தன்னடக்கம்!’ என்று வரும். உண்மையைச் சொன்னாலும் ஒருவன் விடுபட முடியாது என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

பெரியோர்களே, ஜாஸ் என்றால் என்ன? பாட்டின் தலைப்பகுதியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். அது வாசல். பிறகு ஒருவர் வாசலைத் தாண்டிக் கிளம்புவார். எந்தத் தெருவில் திரும்புவார், எந்தச் சந்தில் நுழைவார், யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது! தெரிந்தால் அது ஜாஸ் இல்லை. அவர் சுற்றி அலைந்து திரும்பி வரும் வரை நானும் டிரம்ஸ்காரரும் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வாசலில் நிற்போம். எங்கள் வேலை அவ்வளவுதான். இசைத்தட்டில் நீங்கள் கேட்டது, ஒரு மனிதர் ஒரு நாள் மத்தியானம் போய்விட்டு வந்த வழி. அந்த வழியை நீங்கள் சாலையாகப் போட்டுவிட்டீர்கள். இரண்டு பக்கமும் சுவரும் எழுப்பிவிட்டீர்கள்.

நம் செயலாளரைச் சொல்கிறேன். ஐயா, நிமிர்ந்து உட்காருங்கள், உங்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். அண்ணனின் மூக்குக்கண்ணாடியில் திருகு கழன்றால் பாதிக் கச்சேரியில் மேடை ஏறி வந்து முடுக்கிவிட்டுப் போனவர் நீங்கள். உங்கள் காதுக்கு இணை கிடையாது. கச்சேரி முடிந்ததும் திரைக்குப் பின்னால் வருவீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இன்னைக்குப் பிரமாதம். மூணாவது சுத்துல மட்டும் கொஞ்சம் தப்பிடுச்சு” என்பீர்கள். எதிலிருந்து தப்பியது? இசைத்தட்டிலிருந்து! அவர் பாட்டை, அவர் மூச்சை, அவர் தப்பாக வாசித்துவிட்டாராம்! கண் பரிசோதனைக்கு உங்கள் கடைக்கு வந்தால் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்போ தெளிவா? இப்போ? இப்போ?” என்று சலிக்காமல் கேட்கிறவர் நீங்கள். அவர் பாட்டுக்கு மட்டும் ஒரே கண்ணாடியை மாட்டிவிட்டுக் கடையைப் பூட்டிவிட்டீர்களே, நியாயமா?

விளைவு என்ன தெரியுமா? நாட்டிலேயே தேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் தவறு செய்வதற்குப் பயிற்சி எடுத்தார். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். தவறு தானாக வந்தால் எளிது. கேட்ட நேரத்தில், கேட்ட இடத்தில் வா என்றால் வராது. எங்கள் ஒத்திகை அறை ஒரு டயர் கடைக்கு மேலே. ரீட்டைப் பல்லால் எப்படி அழுத்தினால் அந்தக் கீச்சு வரும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பழகினார். கீச்! இல்லை, இன்னும் மெல்லிசாக. கீச்! இல்லை. டயர் கடைக்காரர் பதறிப்போய் மேலே ஓடி வந்தார்: “ஐயா, ஏதாச்சும் அடிபட்டுக் கிடக்குதா இங்க?” அண்ணன் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு, “ஆமாங்க, நான்தான்” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த இடம் நெருங்க நெருங்க அவர் பிடரி இறுகும். காதுக்குக் கீழே இரண்டு நரம்பும் கயிறு மாதிரி எழுந்து நிற்கும். நீங்கள் கண்ணை மூடிக் காத்திருப்பீர்கள். கீச்சு வரும். நீங்கள் உருகுவீர்கள். பிடரி தளரும், பல் பிடுங்கி முடித்தவனுக்குத் தளருமே, அதுபோல.

ஒருமுறை அவர் தப்பிக்கப் பார்த்தார். இந்த மேடைதான். உங்களில் பலர் இருந்தீர்கள். உச்சத்துக்கு ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் கீழே இறங்கினார். அப்படி ஓர் இறக்கத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கிணற்றுக்குள் வாளி போவதுபோல ஆழம் தேடிப் போனார். அடியைத் தொட்டு ஒரு கணம் நிறுத்தினார். அமைதி. அந்த அமைதி எவ்வளவு அழகு! அதை நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, பாவம் உதவி செய்வோம் என்று, மண்டபம் முழுக்க ஒரே குரலில், கீச்! என்றீர்கள். பிறகு உங்களுக்கே சந்தோஷம் தாங்காமல் கைதட்டிக்கொண்டீர்கள். அவர் குனிந்து வணங்கினார். நீங்கள் முகத்தைப் பார்த்தீர்கள், சிரித்தபடி இருந்தது. நான் பிடரியைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்றிருந்தது.

அன்புத் தொல்லை என்று தமிழில் அழகாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். தொல்லை என்று ஒத்துக்கொள்கிறோம், மேலே அன்பைப் போர்த்திவிடுகிறோம். போர்த்தினால் அடியில் இருப்பவனுக்கு மூச்சு முட்டாதா?

‘பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புலிவாலைப் பிடித்தவனிடம் கையை விடு என்று சொல்வது எளிது. அந்தப் பாட்டுதான் எங்கள் எல்லார் வீட்டிலும் உலை வைத்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் விடாததற்கு அது காரணம் இல்லை. ஒருநாள் திரையை விலக்கிச் சபையை எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் தையல்கடை அம்மா இருந்தார்கள். திரையை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “அவங்க அழுறதுக்குன்னு பஸ் ஏறி வந்திருக்காங்கப்பா. நான் என் இஷ்டத்துக்கு வேற வழியில போயிட்டா, அவங்க எங்க போய் அழுவாங்க?” அம்மா, நீங்கள் தலை குனிய வேண்டாம். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அவரைப் பூட்டி வைத்தது கல்நெஞ்சம் உள்ளவர்கள் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் தாங்க முடியாதது. எதிரி பூட்டினால் கதவை உடைக்கலாம். இங்கே உடைத்தால் யார் மேல் விழும்?

வீட்டிலாவது தப்பித்தாரா? அண்ணியைக் கேளுங்கள். அந்தப் பாட்டை வீட்டில் அவர் சீட்டியடித்துக்கூட நான் கேட்டதில்லை. ரேடியோவில் வந்தால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு. அவர் பிறந்தநாள் வரும், அன்றைக்கு எல்லா நிலையத்திலும் அதுதான். அண்ணி சொல்வார்கள்: “பொறந்தநாளும் அதுவுமா மனுஷன் நாள் பூரா குளியலறைலயே குடியிருந்தாரு. தோல் ஊறிப் போச்சு.”

புதிதாக அவர் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினார்களே, அது அபாண்டம்! ‘ஈரத்துணி’ என்று ஒன்று செய்தார். எதிர்வீட்டு மாடிக் கொடியில் துணி காற்றுக்குப் புரள்வதைப் பார்த்துக்கொண்டே செய்தது. மூன்றே சுரத்தில் ஆரம்பிக்கும். பிறகு காற்றுப்படி போகும். அதை இங்கே வாசித்தோம். பொறுமையாகக் கேட்டீர்கள். மரியாதையாகக் கைதட்டினீர்கள். தட்டி முடித்ததும் நடுவரிசையிலிருந்து ஒருவர், கேலியாக அல்ல, ரொம்பப் பிரியமாக, “சரி, இப்போ?” என்றார். சரி, இப்போ! ஒரு மனிதரின் ஆறு மாத உழைப்பு அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் நசுங்கியது. அதற்குப் பிறகு ஈரத்துணியை அவர் மேடையில் காயப்போடவே இல்லை.

பிறகு ஒரே ஒரு இடத்தில்தான் அதை முழுசாக வாசித்தார். லிஃப்டில். என் பேஸ் சாதாரண லிஃப்டில் நுழையாது. அதனால் ஓட்டல்களில் என்னைச் சாமான் லிஃப்டில்தான் ஏற்றுவார்கள். துணைக்கு அவரும் வருவார். அன்று இரண்டு மாடிக்கு நடுவில் அது நின்றுவிட்டது. விளக்கும் அணைந்துவிட்டது. உள்ளே நான், அவர், என் பேஸ், யாரோ அனுப்பிய ஒரு கூடை முட்டைக்கோஸ். கதவைத் தட்டினோம், கத்தினோம். புழுக்கம் தாங்கவில்லை. நான் கதவிடுக்கில் விரலை விட்டு நெம்பிக்கொண்டிருந்தேன். அவர் என்ன செய்தார்? “இங்க நம்மள யாரும் கேக்க முடியாதில்ல?” என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி! வாத்தியப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, இருட்டிலேயே சாக்ஸபோனைப் பூட்டி, வாசிக்க ஆரம்பித்தார்.

அன்பர்களே, அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த கச்சேரி அதுதான். உங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, முட்டைக்கோஸ் கேட்டது. நான் எப்படியோ பேஸை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நடுவில் எனக்கு வழி தப்பியது. “அண்ணே, எங்க போறோம்?” என்று கத்தினேன். வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்து அவர் சொன்னது: “தெரியல. வா!” அந்தத் ‘தெரியல’வை அவர் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் என்பதை இந்த ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு என்னால் காட்ட முடியாது. அடைபட்ட பெட்டிக்குள்தான் அந்த மனிதர் வெளியே நடந்து திரிந்தார்.

பிறகு தலைக்கு மேலே கதவில் ஒரு விரல் அகல வெளிச்சம். லிஃப்ட் மெக்கானிக், தரையில் படுத்துக்கொண்டு, தலைகீழாகப் பார்த்தார். டார்ச் அடித்தார். முகத்தைப் பார்த்துவிட்டார். “ஐயோ, சாமி! நீங்களா? நம்ம வீட்ல எல்லாரும் உங்க ரசிகருங்க. இதோ, ஒரே நிமிஷம், கைப்பிடியைச் சுத்துனா ஏறிடும்.” கொஞ்சம் தயங்கினார். “சுத்துறதுக்கு முன்னாடி... ஒரே ஒரு தடவ... கடைசிப் பேருந்து?”

வாசித்தார். கீச்சோடு வாசித்தார். அதற்குப் பிறகுதான் லிஃப்ட் ஏறியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதை நான் சொல்லும் இடமெல்லாம் சிரிக்கிறார்கள். அவரே இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். ஆனால் அன்று வெளியே வந்து, வரவேற்பறையின் பளிச்சென்ற வெளிச்சத்தில் நின்று, அவர் என்னிடம் கேட்டது ஒன்று உண்டு. “நான் செத்தாலாவது விடுவாங்களா?” இன்றைக்குத்தான் பதில் சொல்ல வேண்டிய நாள். பதில் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

மருத்துவமனைக்கு வருகிறேன். மூச்சு மன்னருக்கு மூச்சைச் சிலிண்டரிலிருந்து கொடுத்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு கவசம். பேச முடியாது. கையில் ஊசிக் குழாய்கள். செயலாளர் ஐயா, நீங்கள் கடையைச் சாத்திவிட்டுத் தினமும் மாலையில் வந்தீர்கள். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யுமா என்று செவிலியர்களே பேசிக்கொண்டார்கள். அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். வந்து, தலையணையோரம் கைப்பேசியை வைத்து, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அதைப் போட்டீர்கள். தினமும் போட்டீர்கள். எழுந்து குளிக்கப் போக அவரால் முடியவில்லை.

நானும் மகளும் கட்டிலின் கால்மாட்டில் நின்றோம். ‘வேண்டாம்’ என்ற சொல் எங்கள் இருவருக்கும் வாய்வரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் திரும்பப் போய்விட்டது. அப்போது போர்வைக்கு மேல் அவர் விரல்கள் அசைந்தன. நீங்கள் கண்ணீர் விட்டீர்கள். “பாருங்க, பாருங்க! கூடவே வாசிக்கிறாரு!” என்றீர்கள். அதை இன்று காலைப் பத்திரிகையிலும் எழுதிவிட்டார்கள், இறுதி மூச்சிலும் கடைசிப் பேருந்தை வாசித்தார் என்று.

இல்லை, ஐயா. கூட வாசிக்கவில்லை.

அந்தப் பாட்டில் விரல் எங்கே போகும் என்று கனவிலும் எனக்குத் தெரியும். மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது சாக்ஸபோன் வாசிக்கிறவள் அவள். கைப்பேசியில் பாட்டு மேலே ஏறியது. விரல்கள் ஏறவில்லை. கீச்சு வந்தது. விரல்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவை வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தன. இடது கையின் மூன்று விரல், மறுபடி மூன்று, பிறகு வலது கையில் சுண்டு விரல்வரை ஓர் ஓட்டம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “மாமா, அப்பா வாசிக்கிறது இது இல்ல” என்றாள். “ஈரத்துணியா?” என்றேன். “ஆரம்பம் அதான். அப்புறம் வேற எங்கயோ போறாரு.” “எங்கம்மா?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்களையே பார்த்தாள். அதற்குள் செவிலியர் வந்து, குழாய் நகர்ந்துவிடும் என்று கையைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்துவிட்டார். அவ்வளவுதான். தலையணையோரம் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஊரே சேர்ந்து கட்டிய சுவருக்குள், கையைக் கட்டி, வாயை மூடி, காதருகே அதே பாட்டை வைத்த பிறகும் அந்த மனிதர் புதிய வழி ஒன்றில் நடந்தார்! அதைவிடப் பெரிய வீரம் எது? அதைவிடப் பெரிய பட்டம் எதைக் கொடுப்பீர்கள்?

இப்போது கோட்டுக்கு வருகிறேன். கூட்டம் தொடங்கும் முன்பு திரைக்குப் பின்னால் செயலாளர் இந்தக் கோட்டை விரித்துப் பிடித்தார். மகள் ஒரு கையை நுழைத்தாள். தோள் முழங்கை வரை வழிந்தது. கோட்டுக் கை விரலைத் தாண்டித் தொங்கியது. அந்தக் கையோடு சாக்ஸபோனின் ஒரு பொத்தானைக்கூட அழுத்த முடியாது. “மடிச்சு விட்டுக்கலாம்மா” என்றார் செயலாளர், குழந்தையிடம் சொல்வதுபோல. அவள் திரும்பி நின்றாள். நான் அவள் பிடரியைப் பார்த்தேன். காதுக்குக் கீழே இரண்டு நரம்பு. அதே இடம். அதே கயிறு. “நீ என்னம்மா சொல்ற?” என்று கேட்டேன். “எல்லாரும் வந்திருக்காங்க மாமா. எப்படி மாட்டேங்கிறது?” என்றாள். அப்பன் பேச்சு! ஒரு எழுத்து மாறாமல் அப்பன் பேச்சு! ஒருவரைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை, அதற்குள் அதே பெட்டிக்கு அடுத்த ஆளை அளவெடுக்கிறோமா?

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்ல வேண்டும். சொல்வோம். ஆனால் எந்தப் பணி? அவர் இசைத்தட்டில் விட்டுச் சென்றதையா, போர்வைமேல் விட்டுச் சென்றதையா? இசைத்தட்டுக்கு நம் உதவி வேண்டாம். அது தையல்கடையில் பாடும், பேருந்தில் பாடும், நாம் போன பிறகும் பாடும். பாடட்டும். யாரும் அதை உங்களிடமிருந்து பிடுங்கவில்லை. போர்வைமேல் போன வழிக்குத்தான் ஆள் வேண்டும்.

என் உறுதிமொழி இது. இந்தப் பெண் எந்தத் தெருவில் திரும்பினாலும், எந்தச் சந்தில் நுழைந்தாலும், அவள் திரும்பி வரும் வரை விளக்கோடு நான் வாசலில் நிற்பேன். விரல் ஓடும் வரை நிற்பேன். உங்களிடம் நான் கேட்கும் உறுதிமொழி அதைவிடச் சின்னது, ஆனால் கடினமானது. அவள் ஏறாத இடத்தில் நீங்கள் ஏறாதீர்கள். அவள் நிறுத்தும் இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். அந்த அமைதி உங்களுக்குத் தாங்க முடியாமல் இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு யாரும், எவ்வளவு பிரியமாக இருந்தாலும், ‘சரி, இப்போ?’ என்று கேட்காதீர்கள்.

செயலாளர் ஐயா, மேடைக்கு வாருங்கள். வாருங்கள், கை கொடுக்கிறேன். இந்தக் கோட்டை நாற்காலியிலிருந்து நானே எடுக்கிறேன். இது மகளுக்கு வேண்டாம். உங்களிடம் கொடுக்கிறேன். அவரை இவ்வளவு நேசித்தவர் இந்த மண்டபத்தில் வேறு யார்? அண்ணியும் தலையசைக்கிறார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடியுங்கள், தாளம் போடக் கை மிச்சம் இருக்கக் கூடாது. அழாதீர்கள், ஐயா. சரி, அழுங்கள். அதற்கு மட்டும் இங்கே யாருக்கும் தடையில்லை.

நிகழ்ச்சி நிரலில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். நானும் மேடை ஏறும் முன்பு படியடியில் நின்று அவளிடம் அதைத்தான் கேட்டேன். கோட்டு இல்லாமல் வா, பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். போர்வைமேல் பார்த்த அந்த மூன்று விரலிலிருந்து தொடங்குகிறேன் என்றாள். “சரிம்மா, அதுக்கப்புறம்?” என்றேன். அவள் சாக்ஸபோன் இல்லாத வெறுங்கையை விரித்து விரித்து மூடினாள். அப்பா இறந்த பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்து நான் பார்த்தது அப்போதுதான்.

“தெரியல, மாமா” என்றாள்.

வாம்மா.